துண்டு விழுந்த கணக்கும் மூன்று கஜானாக்களும்

கதிரடித்துத் தூற்றிய தானியம் களத்தில் அம்பாரமாய்க் குவிந்திருக்கும்போதே, முன்யோசனையுள்ள குடியானவன் அதனை மனத்திற்குள் பங்கிட்டுவிடுகிறான். விதைக்கு இவ்வளவு, வீட்டுச் சாப்பாட்டிற்கு இவ்வளவு, ஆட்கூலிக்கு இவ்வளவு, மண்டிக்கு அனுப்பிக் கடனடைக்க இவ்வளவு என்று ஒதுக்கியபின் ஏதேனும் மிஞ்சினால் அது நல்ல வருஷம். மிஞ்சாமற்போனால், 'துண்டு விழுந்தது' என்று சொல்லிக் கைமாற்றுக்குப் புறப்படுகிறான். இவ்விதம் வாங்கும் கடனிலும் இரு வகை உண்டு என்பதை நம் ஜில்லாவின் ரயத்துக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிணறு வெட்டக் கடன் வாங்கியவன், ஊற்றுக் கண் திறந்தால், அந்தக் கிணற்று வெள்ளாமையிலிருந்தே வட்டியும் முதலும் செலுத்திவிடுகிறான். விதைத் தானியத்தைச் சமைத்துத் தின்றுவிட்டு அடுத்த பருவத்து விதைக்குக் கடன் வாங்கியவனுக்கு அவ்வித வழி ஒன்றும் இல்லை.

சர்க்கார் கணக்கிலும் இவ்வித்தியாசம் உண்டு. சம்பளம், பென்ஷன், வட்டி, மான்யம் முதலிய அன்றாடச் செலவுகள் வரிப்பணத்திற்கு மிஞ்சிப்போனால் அதை வருவாய்ப் பற்றாக்குறை என்கிறார்கள். அணை, வாய்க்கால், சாலை முதலியவற்றிற்காகக் கடன் வாங்குவது மூலதனக் கணக்கில் சேர்கிறது. 1925ம் வருஷத்தில் தொடங்கி 1934ம் வருஷத்தில் முடிந்த மேட்டூர் அணைக்கு 4 கோடியே 80 லக்ஷம் ரூபாய் பிடித்தது. அது அந்நாளில் பெருந்தொகையேயாயினும், அவ்வணையின் தண்ணீர் இன்றும் பாய்ந்துகொண்டிருப்பதால் அச்செலவைப்பற்றி இக்காலத்தில் ஒருவரும் குறை சொல்வதில்லை.

ஆனால் குடியானவனுக்கு உள்ளது ஒரே குதிர். சர்க்காருக்கோ மூன்று குதிர்கள்: டில்லியில் ஒன்று, சென்னையில் ஒன்று, கிராமப் பஞ்சாயத்து முதலிய ஸ்தல ஸ்தாபனங்களிடம் ஒன்று. ஒரு குதிரில் துண்டு விழுந்தால் மற்றொரு குதிரிலிருந்து எடுத்து நிரப்பவும், ஒன்றின் பாரத்தை மற்றொன்றின் தலையில் ஏற்றிவிடவும் இடமுண்டு. வரி கொடுப்பவன் ஒருவனேயாகையால், எந்தக் குதிருக்கு எவ்வளவு, எந்த நிபந்தனையின்பேரில் என்பதைப் பட்டாதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருப்பது நலம். இதற்குச் சேலம், நாமக்கல் சமவெளியைக் காட்டிலும் பொருத்தமான பாடபுஸ்தகம் இந்தியாவில் கிடைப்பது அரிது. காரணம் பின்னால் விளங்கும்.

மேலிருந்து கீழே இறங்கிய பற்றாக்குறை

1919ம் வருஷத்திய சீர்திருத்தச் சட்டத்தினால் நிலவரி, ஆப்காரி முதலிய வரும்படிகள் மாகாணங்களுக்கு முழுமையாக விடப்பட்டன. சுங்கமும் வருமான வரியும் இந்திய சர்க்காரிடம் நின்றன. இப்பாகப்பிரிவினையால் இந்திய சர்க்காரின் கணக்கில் துண்டு விழுந்தது. அதை நிரப்புவதற்கு வழி சொல்லும்படி மெஸ்டன் பிரபுவின் தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. மாகாணங்கள் வருஷந்தோறும் 983 லக்ஷம் ரூபாய் டில்லிக்குக் கட்டவேண்டுமென்று 1920ம் வருஷத்தில் அக்கமிட்டி சொல்லிற்று. இதில் சென்னை மாகாணத்தின் பங்கு 348 லக்ஷம். ஐக்கிய மாகாணத்திற்கு 240, பஞ்சாபுக்கு 175, வங்காளத்திற்கு 63, பம்பாய்க்கு 56 லக்ஷம் என்று விதித்த கமிட்டி, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாரத்தைச் சென்னையின் மீது வைத்தது.

இதற்குச் சொல்லப்பட்ட நியாயம் கவனிக்கத்தக்கது. புதிய ஏற்பாட்டினால் எந்த மாகாணத்திற்கு வரும்படி அதிகமாகக் கூடுகிறதோ அது அதிகமாகக் கொடுக்கட்டும் என்பதே அது. சென்னை மாகாணத்தில் நிலவரி பெரிது. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு பட்டாதாரரும் சர்க்காருக்கு நேராகக் கிஸ்தி கட்டி வந்தனர். அம்முறையின் ஆரம்பப் பயிற்சி நடந்த இடமும் இந்தச் சேலமும் பாரமஹாலுமே. 1792ம் வருஷத்தில் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்த இப்பிரதேசத்தில் அலெக்ஸாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராயிருந்த தாமஸ் மன்ரோவும் நிலங்களை அளந்து தீர்வை விதித்தனர். வங்காளத்திலோ சாசுவத ஜமாவின்படி ஜமீன்தார்கள் கட்டவேண்டிய தொகை 1793ம் வருஷத்திலேயே நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே நிலத்தின்மேல் அதிகமாக வரி கொடுத்து வந்த மாகாணமே டில்லிக்கும் அதிகமாகக் கொடுக்கும்படி நேர்ந்தது. கொடுக்கிற பசுவை மேலும் கறப்பது எளிது என்று கமிட்டியார் நினைத்தார்கள் போலும். சென்னையிலிருந்து எழுந்த ஆட்சேபங்களின்பேரில் இக்கப்பம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1928–29ம் வருஷத்தில் அறவே ஒழிந்தது.

சுங்கச்சாவடி ஒழிந்த கதை

அதற்குள் கீழ்க் குதிரில் வேறு ஒரு மாறுதல் நடந்தது. ரஸ்தாக்களின் பராமரிப்பு ஜில்லா போர்டு முதலிய ஸ்தல ஸ்தாபனங்களைச் சேர்ந்தது. அதற்காக அவை சாலைகளில் சுங்கச்சாவடி வைத்து வண்டிகளிடம் காசு வசூலித்து வந்தன. மோட்டார் வண்டிகள் பெருகியபின், சாவடிக்குச் சாவடி நிறுத்திக் காசு கொடுப்பது எல்லோருக்கும் தொல்லையாயிற்று. 1931ம் வருஷத்திய சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டத்தினால் சுங்கச்சாவடிகள் எடுக்கப்பட்டன. மோட்டார் வரியை மாகாண சர்க்கார் வசூலித்துக்கொண்டு, சுங்கம் இழந்த ஸ்தாபனங்களுக்கு நஷ்ட ஈடு கொடுப்பதென்று ஏற்பாடு செய்யப்பட்டது.

வண்டி ஓட்டுகிறவனுக்கும் சந்தைக்குச் சரக்குக் கொண்டுபோகிற குடியானவனுக்கும் இது மெத்தவும் அனுகூலமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். பழைய வசூலை ஒட்டிக் கணக்கிடப்படும் நஷ்ட ஈடு நின்ற இடத்திலேயே நிற்கும். வரியோ வண்டிகள் பெருகப் பெருக வளரும். வளர்ச்சி மேற்குதிருக்கும், நிலைத்த தொகை கீழ்க்குதிருக்குமாகப் பங்கு பிரிந்துவிடுகிறது. பின்னாட்களில் நாமக்கல் லாரித் தொழிலுக்கு இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. வளரக்கூடிய ஒரு வரியைக் கீழ் ஸ்தாபனம் விட்டுக்கொடுக்கும்போது எதனை விட்டுக்கொடுக்கிறது என்பதற்கு இதைக்காட்டிலும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

1937ம் வருஷம் அக்டோபர் 1ந் தேதி

1935ம் வருஷத்திய இந்திய சர்க்கார் சட்டத்தின்படி 1937ம் வருஷம் ஏப்ரல் 1ந் தேதி முதல் மாகாண சுயாட்சி அமுலுக்கு வந்தது. வருமான வரியில் ஒரு பாதியை மாகாணங்களுக்குப் பங்கிடும்படி ஸர் ஆட்டோ நீமேயர் சிபார்சு செய்தார். அப்பாதியில் சென்னைக்கு நூற்றுக்குப் பதினைந்து. பம்பாய்க்கும் வங்காளத்திற்கும் இருபது இருபது. அதிலும் முதல் ஐந்து வருஷங்களுக்கு, ரயில்வே வரும்படி போதாத வரையில், மாகாணங்களின் பங்கை இந்திய சர்க்கார் தன்னிடமே நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு நிபந்தனை இருந்தது. ஆகையால் புதிதாக வந்த மந்திரிசபை நம்பியிருக்கக்கூடிய பெரு வரும்படிகள் பழையபடி இரண்டே: ஒன்று நிலவரி, மற்றது ஆப்காரி. கள்ளுக்கடை, சாராயக்கடைக் குத்தகைகளாலும் மரவரியாலும் வந்த ஆப்காரித் தொகை மாகாண வரும்படியில் ஏறக்குறைய நாலில் ஒரு பாகமாக இருந்தது.

1937ம் வருஷம் ஜூலை 14ந் தேதி சென்னைப் பிரதம மந்திரியாகப் பதவியேற்ற ஸ்ரீ சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் நிதி இலாகாவையும் தாமே வைத்துக்கொண்டார். அவர் சேலம் ஜில்லாக்காரர். சேலத்தில் வக்கீலாயிருந்தவர், அந்நகரசபையின் தலைவராயுமிருந்தவர். திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் 1925ம் வருஷத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் கிராமங்களில் கள்ளினால் விளைந்த கேட்டை நேரில் கண்டவர். அவருடைய மந்திரிசபை நிறைவேற்றிய மதுவிலக்குச் சட்டம் 1937ம் வருஷம் அக்டோபர் 1ந் தேதி முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் அமுலுக்கு வந்தது. அப்போதைய சேலம் ஜில்லாவில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஹோசூர் தாலூகாக்களும் அடங்கியிருந்தன. முன்பு திருச்சி ஜில்லாவோடு இருந்த நாமக்கல் தாலூகாவும் அதற்குள் சேலத்தோடு சேர்ந்துவிட்டது. தர்மபுரி 1965ம் வருஷத்திலும், நாமக்கல் 1997ம் வருஷத்திலும் தனி ஜில்லாக்கள் ஆயின.

ஒரே ஜில்லாவில் தொடங்கியது தர்மத்தின்பேரில் மட்டும் அன்று, கணக்கின்பேரிலுமாம். ஒரு ஜில்லாவின் ஆப்காரி நஷ்டத்தை மாகாணத்தின் பொதுக் கஜானா தாங்கிக்கொள்ளும். எல்லா ஜில்லாக்களிலும் ஒரே நாளில் கடைகளை மூடினால் உபாத்தியாயர் சம்பளத்திற்கும் ஆஸ்பத்திரி மருந்துக்கும் பணமிராது. புது ரகம் ஒன்று வந்தால் விவேகமுள்ள ரயத்து முதல் வருஷத்திலேயே தன் காடு முழுவதிலும் அதை விதைத்துவிடுவதில்லை. ஒரு மூலையில் சிறிது விதைத்துப் பார்க்கிறான். சேலம் அவ்விதச் சோதனை வயலாயிற்று. 1938ம் வருஷம் அக்டோபரில் சித்தூர், கடப்பை ஜில்லாக்களிலும், 1939ம் வருஷம் அக்டோபரில் வட ஆற்காட்டிலும் மதுவிலக்கு பரவிற்று.

நஷ்டத்தில் ஒரு பைசாவையும் இந்திய சர்க்கார் ஏற்கவில்லை. நஷ்டம் சர்க்காருக்கு மாத்திரம் நேர்ந்ததுமன்று. பனையும் தென்னையும் ஏறிக் கள்ளிறக்கிப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் தொழிலை இழந்தன. அவர்களைப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் வேலைக்குத் திருப்பப் பிரயத்தனம் நடந்தது. குடிக்காத குடும்பத்தில் மிஞ்சிய காசு சந்தைக்கும் அடுப்புக்கும் போய்ச் சேர்ந்ததை எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்தக் காசு சர்க்கார் கஜானாவின் பற்று வரவுப் புஸ்தகத்தில் எங்கும் பதிவாவதில்லை. ஒரு செயலின் லாபம் குடிகளின் வீட்டிலும், அதன் நஷ்டம் சர்க்காரின் பட்ஜெட்டிலுமாக விழும்போது, அச்செயலைக் கணக்குப் பார்த்து மதிப்பிடுவது கஷ்டம். பட்ஜெட்டை மட்டும் படித்து மதுவிலக்கை நஷ்ட வியாபாரம் என்றவர்களும், பட்ஜெட்டைப் படிக்காமலே அதைப் புகழ்ந்தவர்களும் அந்நாளில் நிறைய இருந்தார்கள்.

அதே அக்டோபர் 1ந் தேதியை நம் ரயத்துக்கள் வேறொரு காரணத்தாலும் ஞாபகத்தில் வைத்திருந்தார்கள். 1938ம் வருஷத்திய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932ம் வருஷம் அக்டோபருக்கு முன் ஏற்பட்ட விவசாயக் கடன்களின்மீது 1937ம் வருஷம் அக்டோபர் 1ந் தேதியில் நின்ற வட்டிப் பாக்கி முழுவதும் தீர்ந்துபோனதாகக் கொள்ளும்படி விதித்தது. 1929க்குப்பின் நிலக்கடலையும் பருத்தியும் விலை சரிந்துபோக, ரொக்கமாக விதிக்கப்பட்ட கிஸ்தியும் வட்டியும் மட்டும் சரியாமல் நின்ற கஷ்ட காலம் அது. இந்நிலையில் கள்ளில் இழந்த தொகையை நிலத்தின்மேல் ஏற்றுவது எந்த மந்திரிசபைக்கும் நினைக்கத்தகாத காரியம்.

அரை சதவிகிதம்

ஆகவே 1939ம் வருஷத்தில் புதிய வரிகள் பிறந்தன. மோட்டார் ஸ்பிரிட்டுக்கு ஒரு சட்டம், புகையிலைக்கு ஒரு சட்டம், சினிமா முதலிய தமாஷாக்களுக்கு ஒரு சட்டம். இவற்றோடு சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் பொதுவாக எல்லாச் சரக்கின் விற்பனைக்கும் வரி விதித்த முதற் சட்டம் இதுவே. இது 1939ம் வருஷம் அக்டோபர் 1ந் தேதி, அதாவது சேலத்தில் கடைகள் மூடப்பட்டுச் சரியாக இரண்டு வருஷம் நிறைந்த நாளில், அமுலுக்கு வந்தது. வருஷத்தில் 10,000 ரூபாய்க்குக் குறைவாக வியாபாரம் செய்தவர்களுக்கு வரியில்லை. 20,000 ரூபாய் வரையில் மாதம் 5 ரூபாய். அதற்கு மேற்பட்டால் நூற்றுக்கு அரை ரூபாய். கைத்தறித் துணி மாத்திரம் விற்பவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து நெசவாளர்களுக்கு இது சிறு விஷயமன்று.

குடியானவனுக்கு இச்சட்டம் செய்த முக்கியமான விலக்கு, தன் நிலத்தில் தானே விளைத்த பொருளை விற்பதனால் வரும் தொகையை வரிக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதாகும். சொந்த நிலமாயினும், போக்கிய அடமானமாயினும், குத்தகையாயினும் இவ்விலக்கு பொருந்தும். ஆனால் சட்டத்தில் விலக்கு இருப்பதும் மண்டியில் விலக்கு இருப்பதும் ஒன்றல்ல. அரை சதவிகிதம் என்பது 200 ரூபாய்க்கு ஒரு ரூபாய். நிலக்கடலை, ரயத்தின் களத்திலிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து எண்ணெய் ஆலைக்கும், ஆலையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அவரிடமிருந்து கடைக்காரருக்குமாகக் கைமாறும்போது, ஒவ்வொரு கையிலும் அந்த ஒரு ரூபாய் சேர்ந்துகொண்டே போகும். நாலு கை மாறினால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் ஆகிவிடுகிறது. அதை எண்ணெய் வாங்குகிறவன் தலையில் கட்ட முடியாதபோது, வியாபாரி கடலையின் கொள்முதல் விலையில் பிடித்துக்கொள்ளப் பார்ப்பான். வரியைக் கட்டுகிறவன் ஒருவன், சுமக்கிறவன் வேறொருவன் என்பது வரி விஷயத்தில் முதலாவதாக அறியவேண்டிய பாடம்.

வியாபாரிகள் இவ்வரியைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்களுடைய எதிர்ப்பைக் காட்டிலும் ஆபத்தான எதிர்ப்பு டில்லியிலிருந்து வந்தது. சரக்கு உற்பத்தியின்மீது எக்ஸைஸ் தீர்வை விதிப்பது இந்திய சர்க்காரின் உரிமை. விற்பனையின்மீது வரி விதிப்பது மாகாணத்தின் உரிமை. ஆலை முதலாளி தாம் செய்த சரக்கை முதன்முதலாக விற்கும்போது மாகாணம் வாங்கும் வரி, விற்பனை வரியா, வேஷம் மாறிய எக்ஸைஸா? இக்கேள்வி, கடலை எண்ணெயும் பிண்ணாக்கும் செய்து விற்ற போட்டு பைடண்ணா கம்பெனியாரின் வழக்கில் 1942ம் வருஷத்தில் பெடரல் கோர்ட்டுக்குப் போயிற்று. வரி, சரக்கு உற்பத்தியானதற்காக அன்று, விற்கப்பட்டதற்காகவே விதிக்கப்படுகிறது. உற்பத்தி செய்தவன் தன் சரக்கை எரித்தாலும் தானே தின்றாலும் விற்பனை வரி இல்லையே என்ற வகையில் மாகாணத்திற்கு அனுகூலமாகத் தீர்ப்பாயிற்று. இந்திய சர்க்கார் அத்தோடு விடவில்லை. கவர்னர் ஜெனரலே வாதியாகவும் சென்னை மாகாணம் பிரதிவாதியாகவும் நின்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸில் வரையில் போய், 1945ம் வருஷத்தில் அங்கும் மாகாணமே ஜயித்தது. ஒரு புட்டிக் கடலை எண்ணெயின் அரை சதவிகிதத்திற்காக இரண்டு சர்க்கார்கள் கடல் கடந்து வழக்காடியதைப் பார்த்துச் சிரிப்பவர்கள், வாய்க்கால் மடையில் ஒரு சாண் தண்ணீருக்காக அண்ணன் தம்பிகள் வழக்காடுவதை நினைத்துக்கொள்ளலாம். தண்ணீரின் அளவைவிட, மடை யாருடையது என்பதே அங்கே முக்கியம்.

பின்னே நடந்தது விசித்திரமானது. 1939ம் வருஷம் அக்டோபர் 29ந் தேதி மந்திரிசபை விலகிற்று. யுத்தகாலத்தில் மந்திரிகளில்லாத ஆட்சியார் மதுவிலக்கை நிறுத்திவைத்தார்கள். சேலத்தில் கடைகள் மீண்டும் திறந்தன. ஆனால் கள் நஷ்டத்தை ஈடுசெய்ய வந்த விற்பனை வரி, நஷ்டம் நின்றபின்பும் நிற்கவில்லை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதம மந்திரியாயிருந்தபோது 1948ம் வருஷம் அக்டோபர் 2ந் தேதி மாகாணம் முழுவதும் மதுவிலக்கு விரிந்தது. 1971ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன, பிறகு மூடப்பட்டன, மறுபடி திறக்கப்பட்டன. 2003ம் வருஷம் முதல் சில்லறை விற்பனையைச் சர்க்கார் கம்பெனியான டாஸ்மாக்கே நடத்துகிறது. 2023–24ம் வருஷத்தில் அவ்வழியே வந்த வரும்படி சுமார் 45,855 கோடி ரூபாய். கள்ளின் வரும்படிக்குப் பதிலாக வந்த வரியும், கள்ளின் இடத்திலே வந்த மதுவின் வரும்படியும் இன்று ஒருங்கே சர்க்காருக்குத் தேவைப்படுகின்றன. செலவு எப்போதும் வரவைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இது சாக்ஷி.

வரி மேலே போனபின்

1939ம் வருஷத்தில் சென்னை வென்றெடுத்த மடையை, எல்லா ராஜ்யங்களுடனும் சேர்ந்து, 2017ம் வருஷம் ஜூலை 1ந் தேதி தமிழ்நாடு பொதுவில் வைத்தது. அன்று முதல் சரக்கு மற்றும் சேவை வரி அமுலாயிற்று. வரி விகிதங்களை நிர்ணயிக்கும் கவுன்ஸிலில் மத்திய சர்க்காரின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா ராஜ்யங்களின் வாக்குகளுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானத்திற்கு நாலில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே மத்திய சர்க்கார் சம்மதியாமல் ஒரு விகிதமும் மாறாது. ராஜ்யங்களுக்கு நேரும் நஷ்டத்தை, 2015–16ம் வருஷத்திய வரும்படி வருஷத்திற்கு நூற்றுக்கு 14 வீதம் வளர்ந்ததாகக் கொண்டு, ஐந்து வருஷங்களுக்கு ஈடுசெய்வதாக உறுதி சொல்லப்பட்டது. 1931ம் வருஷத்திய சுங்கச்சாவடிக் கணக்கைவிட இது மேல். நஷ்ட ஈடும் வளரும்படி ஏற்பாடு இருந்தது. ஆனால் கொரோனா நோய்க்காலத்தில் ஈட்டுக்குரிய செஸ் வசூல் போதாமற்போக, 2020–21ல் 1 லக்ஷத்து 10 ஆயிரம் கோடியும், 2021–22ல் 1 லக்ஷத்து 59 ஆயிரம் கோடியும் மத்திய சர்க்கார் கடன் வாங்கி ராஜ்யங்களுக்குக் கொடுத்தது. 2022ம் வருஷம் ஜூன் மாதத்தோடு உறுதி முடிந்தது.

தன் நிலத்து விளைபொருளை விற்கும் விவசாயி இவ்வரிக்காகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை என்ற விலக்கு, 1939ம் வருஷத்திய விலக்கின் வழித்தோன்றலாக இன்றும் உண்டு. 2025ம் வருஷம் செப்டம்பர் 22ந் தேதி முதல் டிராக்டர்களுக்கும் சொட்டுநீர்ப் பாசனக் கருவிகளுக்கும் வரி நூற்றுக்கு 12லிருந்து 5ஆகக் குறைக்கப்பட்டது. ரயத்துக்கு இது நல்ல செய்தி. இக்குறைவினால் நேரும் நஷ்டத்தில் பாதி ராஜ்யத்தின் குதிரில் விழுகிறது என்பதையும், இம்முறை அதற்கு ஈடு இல்லை என்பதையும் உடன் அறியவேண்டும்.

மத்திய வரிகளின் பங்கு விஷயமும் மெஸ்டன் காலத்துத் தர்க்கத்தை நினைவூட்டுகிறது. 10வது நிதிக் கமிஷன் காலத்தில் ராஜ்யங்களுக்குரிய தொகையில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு 6.637, 15வது கமிஷனில் அது 4.079. வருமானம் குறைந்த ராஜ்யங்களுக்கு அதிகம் தருவது அவசியமே. எனினும் நன்றாக உழுது விளைவித்தவனுக்கே பங்கு குறைந்துகொண்டு போவதில் சென்னை 1920ம் வருஷத்தில் சொன்ன ஆட்சேபம் இன்னும் பதில் பெறாமல் நிற்கிறது.

இப்படிச் சொல்வதனால் ராஜ்யத்தின் சொந்தக் குற்றம் மறைந்துவிடாது. 2003ம் வருஷத்தில் நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றி வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பதாக உறுதி செய்துகொண்ட தமிழ்நாட்டில், 2021ம் வருஷம் ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கையின்படி 2020–21ம் வருஷத்திய வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய். நோயினால் வந்த கஷ்டம் ஒரு பாகம். அதற்கு முன்பே சேர்ந்தது ஒரு பாகம். அன்றியும், பட்ஜெட்டுக்கு வெளியே மின்சார நிறுவனத்தின் கணக்கில் துண்டு ஒளிந்திருந்தது. 2017ம் வருஷம் உதய் திட்டத்தில் அதன் கடனில் 22,815 கோடியை ராஜ்யம் தன்மேல் எடுத்துக்கொண்டது. கிணற்றுப் பாசனமே உயிராயுள்ள இச்சமவெளியில் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் எவ்வளவு அருமை என்பது தெரிந்ததே. அதற்குரிய தொகையைச் சர்க்கார் மின்சார நிறுவனத்திற்குக் காலத்தில் முழுமையாகக் கட்டுவதுதான் ரயத்துக்கு க்ஷேமம். கட்டாத மான்யம் கடனாகி, கடன் வட்டியாகி, கடைசியில் தாழ்ந்த மின்னழுத்தமாகவும் எரிந்த மோட்டாராகவும் கிணற்றடிக்கே திரும்பி வரக்கூடும்.

கிராமத்துக் குதிர்

மூன்றாவது குதிர் மிகச் சிறியது. ஆனால் தெருவிளக்கும் குடிநீரும் அதைச் சேர்ந்தவை. 1958ம் வருஷத்திய பஞ்சாயத்துச் சட்டத்தின் காலத்தில், பஞ்சாயத்து வசூலித்த வீட்டுவரிக்குச் சமமான தொகையைச் சர்க்காரும் மான்யமாகக் கொடுத்து வந்தது. நூறு ரூபாய் வசூலித்த பஞ்சாயத்துக்கு இருநூறு கிடைத்தது. வீட்டுக்காரர்களின் மனம் நோகுமென்று வசூலிக்காமல் விட்ட பஞ்சாயத்துக்கு இருநூறும் நஷ்டம். மேல் சர்க்கார் கீழ் ஸ்தாபனத்திற்கு உதவி செய்த வகைகளில் இதைக்காட்டிலும் நேர்மையானது அரிது. முயற்சி உள்ளவனுக்குக் கூலி கிடைத்தது.

இன்று பெரும்பாலான பஞ்சாயத்துக்கள் மேலிருந்து வரும் பணத்தையே நம்பியிருக்கின்றன. அதற்கு நிபந்தனைகள் உண்டு. 15வது நிதிக் கமிஷனின் 2021–26ம் வருஷங்களுக்குரிய மான்யத்தில் நூற்றுக்கு 60 பாகத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்திற்குமே செலவிடலாம். மீதி 40 பாகந்தான் ஊரின் இஷ்டப்படி. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இருக்கவேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. 2016ம் வருஷம் அக்டோபருக்குப் பின் மூன்று வருஷங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடக்காமற்போனதால் மத்திய மான்யம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்நாட்களில் குழாயில் தண்ணீர் வராத ஊர்க்காரர்கள், தேர்தல் நடக்காததற்கும் தங்கள் குழாய்க்கும் சம்பந்தம் உண்டு என்பதை அறியாமலே ஊராட்சிக் காரியதரிசியோடு சண்டை போட்டார்கள். 2019ம் வருஷம் டிசம்பரில் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் தேர்தல் நடந்தது. 2025ம் வருஷம் ஜனவரியில் அச்சபைகளின் காலம் முடிந்து, நிர்வாகம் மீண்டும் தனி அதிகாரிகளிடம் ஒப்புவிக்கப்பட்டது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் கூடும் கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவைப் படிக்கவேண்டுமென்பது விதி. அப்போது பட்டாதாரர்கள் கேட்கத்தக்கவை சில உண்டு. சென்ற வருஷம் விதிக்கப்பட்ட வீட்டுவரி எவ்வளவு, வசூலானது எவ்வளவு, பாக்கிதாரர்களில் பெரிய மாடி வீட்டுக்காரர்கள் எத்தனை பேர். மின்சாரக் கட்டணத்திற்கென்று தனிக் கணக்கில் வந்த தொகை அதற்கே கட்டப்பட்டதா, பாக்கி நிற்கிறதா. நிதிக் கமிஷன் பணத்தில் கட்டுப்பட்ட பாகம், கட்டுப்படாத பாகம் எவ்வளவு, கட்டுப்படாத பாகத்தை எதற்கு உபயோகித்தார்கள். சந்தை, மீன்பாசி, புளியமர ஏலங்களில் முந்திய வருஷத்தைவிடத் தொகை குறைந்திருந்தால் காரணம் என்ன. கணக்குப் படிக்கும் உத்தியோகஸ்தர் இந்த எண்களை முன்கூட்டியே ஒரே தாளில் எழுதிச் சாவடியில் ஒட்டிவைத்தால், கேட்பவர்களுக்கும் சொல்பவருக்கும் பொழுது மிச்சமாகும்.